சூரியன் மேல் போட்ட பழி

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் அந்தக் கூட்டம் கூடும். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டின் பழைய பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் பின்பக்கம் செஸ்ட்நட் மரத்தடியில் ஒரு நீள மேஜை. எண்பத்தாறாம் வருடம் வசந்தத்தில் செத்துப்போன ஒரு செயற்கைக்கோளுக்கு இன்னும் வருடா வருடம் திவசம் கொடுக்கிறவர்கள் உலகத்தில் இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த ஊரிலிருந்து அதை மூன்று ஷிப்டாக இயக்கியவர்கள். முதல் வருடம் நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். இந்த வருடம் பதினொன்று. ஆனாலும் உட்காரும் முறை மாறவில்லை. காலை ஷிப்டு சுவரோரம், மாலை ஷிப்டு அதற்கு எதிரில், இரவு ஷிப்டு சமையலறைக் கதவுப் பக்கம். காலை ஷிப்டில் மிச்சம் இரண்டே பேர். அவர்கள் பக்கம் ஆறு நாற்காலி காலியாகக் கிடக்கும். இரவு ஷிப்டுக்காரர்கள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்காருவார்களே தவிர அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஜெர்மன்காரர்களிடம் இதையெல்லாம் ஏன் என்று கேட்கக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. யாராவது தன் வியாதியைப் பற்றிப் பேசிவிட்டால், எழுந்து நின்று செயற்கைக்கோளின் பழுதுக் குறிகளை ஒன்றிலிருந்து இருபது வரை ஒப்பிக்க வேண்டும். பழைய எஞ்சினியர் ஹார்ட்முட் ஒப்பிக்கும் ஆசையிலேயே மூன்று வருடமாகத் தன் இடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மாலை ஷிப்டின் ரோஸ்விதா ஆலர்ஸ் அன்றைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். அறுபத்தாறு வயது. கைப்பையில் நான்காக மடித்த ஒரு காகிதமும் ஒட்டாத உறையில் ஒரு கடிதமும் இருந்தன. இன்றைக்கு எத்தோரேவிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். போன வருடம் அவனுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தெற்கே அவன் இருக்கும் ஊரான டிராப்பனியிலிருந்து விமானம் ஏறி வருவது இதுதான் கடைசி என்று அவன் எழுதியிருந்தான். சொன்னால் முப்பத்தேழு வருடச் சிநேகிதம் இந்த மேஜையோடு முடிந்துவிடலாம். சொல்லாவிட்டால் அவன் தெரியாமலே போய்ச் சேருவான். இரண்டில் எது மோசம் என்று இரண்டு மாதமாக யோசித்து, தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அந்தச் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவர ஏறக்குறைய நான்கு நாள் எடுத்துக்கொண்டது. அதனால் வானத்தில் ஒரே இடத்தைக் கண் கொட்டாமல் நாள் கணக்கில் பார்க்க முடிந்தது. எந்த ஊர் வானியல்காரருக்கு முறை வந்தாலும் அவர் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து, பணியில் இருக்கும் விஞ்ஞானியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் நட்சத்திரத்தைத் தானே பார்த்துவிட்டுப் போவார். எண்பத்தைந்து அக்டோபரில் அப்படி வந்தவன்தான் எத்தோரே. பலேர்மோவிலிருந்து வந்தான், இருபத்தொன்பது வயது. இருந்தது ஒரே ஒரு கோட்டு. ஜெர்மனியில் எலுமிச்சம்பழம் கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு சாக்கு நிறைய எலுமிச்சம்பழம் வேறு சுமந்து வந்தான்.

அவன் பார்க்கக் கேட்டிருந்தது யாரும் சீந்தாத ஒரு கேலக்ஸி. நடுவில் லட்சக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது என்று தெரியும். ஆனால் சாதுவான கருந்துளை, பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவன் அதைத்தான் கேட்டான். ஏன் என்று கேட்டதற்கு, சாதுவாக இருப்பவர்கள் வீட்டுக்குள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றான்.

அந்த மூன்று நாளும் ரோஸ்விதாவின் முறை. வாழ்க்கையில் இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டவள் அவள். பெஸ்ஸுங்கனில் தோட்டத்தோடு வீடு, குறைவில்லாத பென்ஷன். ஆனால் எப்போது சந்தோஷமாக இருந்தாய் என்று யாராவது உட்கார வைத்துக் கேட்டால் அந்த அறையைத்தான் சொல்லுவாள். ஜன்னல் இல்லாத அறை, சிகரெட் புகை, பச்சை எழுத்து ஓடும் திரைகள். நடுவில் பதிவுக் கருவி. அதன் இரண்டு பேனாக்களும் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே இருக்கும், காகிதம் மடிந்து மடிந்து கீழே ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள் விழும். எத்தோரே காபி கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் பாஸ்தா வேகவைத்தான். எலுமிச்சம்பழத்தை எல்லாவற்றின் மேலும் பிழிந்தான். ஹார்ட்முட்டின் பீரில்கூடப் பிழிந்தான். ஹார்ட்முட் ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. ஜெர்மன்காரர்கள் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருந்தான். அதனால் எத்தோரேவுக்கு அவள் முதல் மணியிலிருந்தே டாக்டரம்மா.

இரண்டு பேனாவில் சிவப்பு, தொலைநோக்கியில் விழும் எக்ஸ்ரே கதிர்களை வரையும். நீலம், செயற்கைக்கோளின் மேல் மோதும் துகள்களை வரையும். சூரியன் சில நாள் வெறிபிடித்துத் துகள்களை வாரி இறைக்கும். அப்போது இரண்டு பேனாவும் சேர்ந்து ஏறும். அது குப்பை. சிவப்பு மட்டும் ஏறி நீலம் சும்மா இருந்தால், அது வானத்திலிருந்து வந்த நிஜமான சேதி. பார்த்து முடிவு சொல்ல வேண்டியது பணி விஞ்ஞானி. பதிவேட்டில் நல்ல நேரம், கெட்ட நேரம் என்று பிரித்து எழுதுவார்கள், நம்மூர் தினசரிக் காலண்டர் மாதிரியே. கெட்ட நேரம் என்று எழுதிவிட்டால் அந்தப் பகுதியைப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் தொடாது.

இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்குச் சிவப்புப் பேனா ஏறத் தொடங்கியது. மேடு கட்டி, ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு, இறங்கியது. ஒன்பது மணி நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு மேடு. மறுநாள் காலை மூன்றாவது. மற்ற ஷிப்டுக்காரர்கள் கேள்விக்குறி மட்டும் போட்டு, முடிவை ரோஸ்விதாவுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

நீலப் பேனாவில் மை தீர்ந்திருந்தது. முதல் மேட்டுக்கு முன்பிருந்தே அது வெறும் முனையால் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மை பீரோவில் இருந்தது, பீரோச் சாவி தலைமை அதிகாரியிடம் இருந்தது, அவர் ஒரு புட்டி மைக்கு மூன்று கையெழுத்து கேட்கிறவர். துகள் எண்ணிக்கையைத் திரையிலும் பார்க்கலாம், ஹார்ட்முட் பக்கத்தை மாற்றிக் காட்ட வேண்டும். ஆனால் ஹார்ட்முட் அன்றைக்கு ஒரு டேப் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரிடம் ஏதாவது கேட்டால் கிட்னியைக் கேட்ட மாதிரி பார்ப்பார். இரண்டு நாள் முன்புதான் சூரியன் ஒரு ஆட்டம் ஆடி ஓய்ந்திருந்தது. ரோஸ்விதா மூன்று மேட்டுக்கு எதிரிலும் ‘சூரியத் துகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பார்க்காமல் எழுதினாள். பத்து விநாடி வேலை.

எத்தோரே காகிதத்தை விரித்து வைத்து அளவுகோலால் அளந்தான்.

“டாக்டரம்மா, ஒன்பது ஒன்பது மணி நேரமா தள்ளி வந்திருக்கு. சூரியன் என்ன, ஷிப்டு போட்டா வேலை பாக்குது?”

சூரியன் சில சமயம் அப்படித்தான் என்று சொன்னாள். நீலக் கோடு இல்லாவிட்டாலும் திரையில் பார்த்திருப்பாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் சிரித்தான். முறை முடிந்து போகிறவர்களுக்குப் பதிவுக் காகிதத்தில் ஒரு நீளத்தை வெட்டி, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த மூன்று மேட்டையே வெட்டிக் கொடுத்தார்கள். அவளும் கையெழுத்திட்டாள்.

அதோடு போயிருந்தால் சோம்பல் என்று விட்டுவிடலாம். அதோடு போகவில்லை. மனசு கேட்காமல் எத்தோரே அதே கேலக்ஸியை இன்னொரு முறை பார்க்க விண்ணப்பம் போட்டான். தேர்வுக் குழு ரோஸ்விதாவுக்கு ஒரு வரிக் கடிதம் எழுதியது: அந்த மேடுகள் வானத்திலிருந்து வந்தவையா? அன்றைய தபாலில் இன்னொரு கடிதமும் வந்திருந்தது, அவள் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று. இரண்டையும் ஒரே காலையில் பிரித்தாள். துகள் எண்ணிக்கை பதிவான டேப்பை ஓட்டிப் பார்த்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் ஓட்டவில்லை. ‘பதிவேட்டில் உள்ளபடியே’ என்று எழுதி அனுப்பினாள்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. ஏப்ரலில் செயற்கைக்கோளும் கதையை முடித்துக்கொண்டது. எத்தோரேவின் உதவித்தொகை தீர்ந்து, அவன் டிராப்பனிக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாரானான். நுன்சியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். மே மாதம் தவறாமல் வந்தான், சில வருடம் நுன்சியாவோடு, எப்போதும் எலுமிச்சம்பழத்தோடு. ஒரு வருடம் மேஜையில் ஒரு கதை சொன்னான். அந்தக் காகிதத்தை வகுப்பில் கரும்பலகைக்கு மேலே மாட்டி, ‘இதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்தவன்தான் உங்கள் வாத்தியார்’ என்று எழுதி வைத்திருக்கிறானாம். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். மேஜையே சிரித்தது. ரோஸ்விதாவும் சிரித்தாள், நினைத்துப் பார்த்தால் அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

இந்த மார்ச் மாதம், காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பேப்பரைப் புரட்டியபோது அந்தக் கேலக்ஸியின் பெயரைப் பார்த்தாள். புதிய தொலைநோக்கி ஒன்று கண்டுபிடித்திருந்தது: அதன் நடுவிலிருக்கும் கருந்துளையிலிருந்து எக்ஸ்ரே சீற்றம், ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்று, அலாரம் வைத்த மாதிரி. கருந்துளையைச் சுற்றி எரியும் வாயுத் தட்டு இருக்கிறது; ஏதோ ஒரு நட்சத்திரம் சுற்றிச் சுற்றி வந்து அந்தத் தட்டைக் குத்திக்கொண்டு போகிறது, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சீற்றம், அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்தாள்.

பழைய டேப்புகளை ஆவணக் காப்பகத்தில் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். கெட்ட நேரம் என்று முத்திரை குத்தியதையும் யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிப் போடாமல் விட்டிருந்தான். எழுதிக் கேட்டு வாங்கி, சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்து, துகள் எண்ணிக்கையை வரைந்து பார்த்தாள். மூன்று மேட்டின்போதும் அது அசையவே இல்லை. சூரியன் பாவம், அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை.

எத்தோரே கைத்தடி ஊன்றி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். நுன்சியா கொடுத்தனுப்பிய பையை மேஜையில் கவிழ்த்தான், எலுமிச்சம்பழங்கள் உருண்டன. விருந்தாளி நாற்காலி என்று ஒன்று மாலை ஷிப்டுக்குப் பக்கத்தில் எப்போதும் உண்டு, அதில் உட்கார்ந்தான். முட்டையும் உருளைக்கிழங்கும் கீரை அரைத்த பச்சைச் சாறும் வந்தன. மண் கூஜாவில் ஆப்பிள் ஒயின் வந்தது. ஹார்ட்முட் இடுப்பைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து நின்று இருபது பழுதையும் ஒப்பித்தார், பதினான்காவதை இந்த வருடமும் மறந்தார். செத்துப்போனவர்கள் பெயரை வாசித்தார்கள். ரோஸ்விதா கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

பேச்சை எடுத்தவர் ஹார்ட்முட். உன் கேலக்ஸி பேப்பரில் வந்ததே, பார்த்தாயா என்று எத்தோரேவைக் கேட்டார்.

“பாக்காம? பழைய பசங்க நாலு பேர் அனுப்பி வச்சிருந்தாங்க.” எத்தோரே முட்டையை வெட்டிக்கொண்டே சொன்னான். “என் ராசியப் பாரு. இப்ப வெடிக்குது, அப்ப வெடிக்கல. நான் முப்பத்தேழு வருஷம் சீக்கிரமா வந்துட்டேன், அவ்வளவுதான்.”

மேஜை சிரித்தது. ரோஸ்விதா மட்டும் கைப்பையைத் திறந்தாள். தன் கண்ணால் பார்த்த மூன்று மேட்டையும், அதே ஒன்பது மணி நேரத்தையும் வைத்துக்கொண்டு, இந்த ஆள் இப்போதும் அவள் எழுதிய ஒரு வார்த்தையைத்தான் நம்புகிறான்.

“எத்தோரே, அன்னைக்கு நீலப் பேனாவுல மை இல்ல.”

அவன் புரியாமல் பார்த்தான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பீரோச் சாவியிலிருந்து தொடங்கி, குழுவின் கடிதம், அதே தபாலில் வந்த வேலை உத்தரவு, சமையலறை மேஜை வரைக்கும் ஒன்று விடாமல், இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பது போல, ஒரே மூச்சில். முடித்ததும், டேப்பிலிருந்து இரண்டு கோட்டையும் வரைந்து அச்செடுத்த காகிதத்தைப் பிரித்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே, ரோஸ்விதா,” என்றார் ஹார்ட்முட். “ஒரு நிமிஷ வேலை.”

“உங்கிட்டயா?” என்றாள் அவள். ஹார்ட்முட் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

எத்தோரே கண்ணாடியை மாட்டிக்கொண்டான். சிவப்புக் கோட்டின் மேல் விரலை நகர்த்தி மேடுகளை எண்ணினான். பிறகு கீழே மட்டமாகக் கிடந்த நீலக் கோட்டின் மேல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலை ஓட்டினான். எங்கும் தடங்கல் இல்லை.

“முப்பது வருஷம் பசங்க முன்னாடி என்னை நானே முட்டாள்னு சொல்லிக்கிட்டேன்,” என்றான். குரல் உயரவில்லை. “இதே மேஜைல சொன்னேன். நீயும் சிரிச்ச.”

“சிரிச்சேன்.”

“உன் கையெழுத்து இருக்கேன்னுதான் நான் என் கண்ண நம்பல. வேற யார் எழுதியிருந்தாலும் சண்ட போட்டிருப்பேன்.”

அவன் எழுந்தான். கைத்தடியைக்கூட எடுக்காமல் தோட்டத்தின் கோடிக்குப் போய், காலி பீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் பின்னால் போகவில்லை. ரோஸ்விதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அழுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டாள். இப்படியே அவன் வாசல் வழியாகப் போய்விடுவான், டாக்ஸி பிடிப்பான், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தான். உட்காரவில்லை.

“மேட்டுக்கு மேடு சரியா எவ்வளவு?”

“ஒன்பது மணி பத்து நிமிஷம். ரெண்டு தடவையும்.”

“இப்ப இவங்க பாக்குறது?”

“எட்டு மணி ஐம்பது.”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். இருபது நிமிடம் குறைந்திருக்கிறது. இரண்டு வருடம் பார்த்த புதியவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. முப்பத்தேழு வருடத்துக்கு முந்தின மூன்று மேடு இருந்தால்தான் தெரியும். நட்சத்திரத்தின் வட்டம் சிறுத்துக்கொண்டு வருகிறது.

“கீழ எறங்கிட்டிருக்கு,” என்றான். “ரோஸ்விதா, அது உள்ள எறங்கிட்டிருக்கு.”

டாக்டரம்மா என்று சொல்லவில்லை. முப்பத்தேழு வருடத்தில் முதல் முறையாகப் பெயரைச் சொன்னான். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. உறையை நீட்டினாள். புதிய தொலைநோக்கிக்காரர்களுக்கு எழுதிய கடிதம். இந்த மூன்று சீற்றங்களையும் எண்பத்தைந்தில் கண்டவன் எத்தோரே, துகள் எண்ணிக்கையைப் பார்க்காமலே அவற்றைத் தள்ளியவள் நான், குழுவுக்குத் தவறான பதில் கொடுத்தவளும் நான் என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து. அவன் இரண்டு முறை படித்தான். நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தான்.

ஹார்ட்முட்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தார். அவன் பேசுவது எல்லோருக்கும் கேட்டது.

“நுன்சியா, நான் அன்னைக்குப் பாத்தது நிஜம். ஆமா, அந்த மூணு மேடு. நிஜந்தான்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். “இல்ல, மாத்திரை போட்டுட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” மறுபடி கேட்டான். அவள் என்ன கேட்டாள் என்பது அவன் ரோஸ்விதாவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. “யாரோ தப்பா எழுதிட்டாங்க. பழைய கத. விடு.”

ரோஸ்விதா கையை நீட்டினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் கையை மடக்கவில்லை. கடைசியில் கொடுத்தான்.

“நுன்சியா, நான் ரோஸ்விதா. அத எழுதினது நான்தான். பாக்காம எழுதினேன். அப்புறம் கேட்டப்பவும் உண்மையச் சொல்லல.”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் போகும் சத்தம் கேட்டது. பிறகு நுன்சியா கோபமே இல்லாத குரலில், எதையோ கணக்குப் பார்த்து முடித்தவள் போலப் பேசினாள்.

“எங்க வீட்டுல கட்டில்ல என் பக்கந்தான் ஜன்னல். ஜன்னல் நெறைய வானம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்ததே இல்ல, முதுகக் காட்டிட்டுதான் படுப்பான். என்னத்தான் பிடிக்கலையோன்னு எத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா?”

எத்தோரேவிடம் சொல்ல வேண்டியதை ரோஸ்விதா இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். நுன்சியாவை அவள் நினைக்கவே இல்லை. ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜையில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியாது நுன்சியா,” என்றாள். “எனக்குத் தெரியாது.”